கிருஷ்ணகிரிக்காரனுக்கு எதுக்கு ஹீட்டர்?

பம்பு ஓடியது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பெல்ட் சுற்றியது, மோட்டார் பாடியது, பேட்டரி ஒயர் கையைச் சுடுகிற அளவுக்கு உழைத்தது. எண்ணெய் மட்டும் வரவில்லை.

இடம், ஒசூரில் ஒரு பெரிய ஃபேக்டரியின் கேன்டீன் பின்வாசல். மார்கழி மாதம், காலை ஆறு மணி. பத்தடியில் நிற்கிற மரம் தெரியாத பனி. இரண்டு டிரம் நிறைய பூரியும் வடையும் போண்டாவும் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெய். அதை உறிஞ்சி, எங்கள் குட்டியானை வண்டியின் முதுகில் இருக்கிற தொட்டிக்கு ஏற்றுவதுதான் பம்பின் வேலை. பழைய கார் சாமான்களை வைத்து நான் செய்த பம்பு. செய்தவனும் கிட்டத்தட்ட பழைய சாமான்தான்.

சுற்றி நின்று பார்த்தவர்கள் கேன்டீன் சூப்பர்வைசர் சந்தானம் சார், பாத்திரம் கழுவுகிற இரண்டு பெண்கள், எங்கள் போட்டிக்காரன் செல்வம், என் வீட்டுக்காரி காவேரி.

ஐந்து நிமிடம் ஓடியது. குழாய் ஒரு ஏப்பம் விட்டது. அவ்வளவுதான்.

செல்வம் கையிலிருந்த டீயை உறிஞ்சினான். அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒழுங்காக உறிஞ்சியது அவன் ஒருவன்தான்.

"இன்னா மாமா, பம்பு தூங்குதா? தாலாட்டு கீலாட்டு பாடிட்டியா?"

காவேரி என்னைத் திட்டவில்லை. கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர்களுக்குத் தெரியும், திட்டுகிற பெண்டாட்டிக்குப் பயப்பட வேண்டியதில்லை.

நட்டு மிச்சம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் புரட்டுகிறீர்கள் என்றால் உங்களுக்காக ஒரு வார்த்தை. நான் சின்னசாமி. கிருஷ்ணகிரி பக்கம் குருபரப்பள்ளியில், ரோட்டோரம், பழைய கார்களைப் பிரிக்கிற இடத்தில் வேலை. படிப்பு மூன்றாம் வகுப்பு. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று ஊரில் சொல்வார்கள், அது தப்பு. அதுதான் என்னை விட்டது.

எனக்கு இன்னொரு பெயர் 'நட்டு'. எந்த எஞ்சினைப் பிரித்து நான் திரும்பப் பூட்டினாலும் கடைசியில் ஒரு நட்டு கையில் மிச்சம் இருக்கும். வண்டி ஓடும். நட்டும் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது. அதனால்தான் முதலாளி வெங்கடேசண்ணா என்னைப் பிரிக்கிற வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறார். "நுவ்வு பிரிச்சா போதும்டா, பூட்டாத" என்பார். அண்ணாவுக்கு வீட்டில் தெலுங்கு, வியாபாரத்தில் தமிழ், லாரிக்காரர்களோடு சண்டை போட கன்னடம். கன்னடத்தில் திட்டினால் நுரையீரலுக்கு நல்லது என்று அவர் நம்பிக்கை.

விபத்தில் நசுங்கியது, வெள்ளத்தில் முங்கியது, மாமனார் கொடுத்து மருமகன் மதிக்காமல் விட்டது என்று எல்லா ஜாதிக் காரும் எங்களிடம் வந்துதான் கட்டையைப் போடும். வயிற்றைக் கிழித்து எது எது விலை போகுமோ அதை எடுத்து ரேக்கில் அடுக்குவேன்.

விலை போகாத ஒன்றும் உண்டு. டேஷ்போர்டுக்கு உள்ளே, கையே நுழையாத இடத்தில், நம்ம வீட்டு அல்வாத் தட்டு அளவில் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். எஞ்சினின் சுடுதண்ணீர் அதற்குள் ஓடி, குளிருக்குக் காருக்குள்ளே சூடு கொடுக்கும். ஹீட்டர். சித்திரை மாதம் கிருஷ்ணகிரி வெயிலில் டேஷ்போர்டில் முட்டை உடைத்து ஊற்றினால் ஆம்லெட் ஆகும். இந்த ஊர்க்காரனுக்கு எவனோ ஹீட்டர் வைத்து அனுப்பியிருக்கிறான்.

அதைக் கழற்றும்போதெல்லாம் நான் சிரிப்பேன். நாலு பேர் இருந்தால் அவர்களுக்குக் காட்டிச் சிரிப்பேன். "கிருஷ்ணகிரிக்காரனுக்கு எதுக்குடா ஹீட்டர்? காஷ்மீர்லயா பொண்ணு எடுத்திருக்கான்?" பிறகு நசுக்கி எடைக்குப் போட்டுவிடுவேன். இருபது வருடம் அப்படிச் சிரித்தேன். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் ஞாபகம் இல்லாமல் போய்விட்டது.

ஃபேன் பெல்ட் பின்னல்

காவேரி முதலில் அதே கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். டிரம் டிரம்மாகக் கறுப்பு எண்ணெய் பின்வாசல் வழியாகப் போவதைப் பார்த்தாள். எங்கே போகிறது என்று விசாரித்தாள். நானாக இருந்தால் கொட்டாவி விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

இரண்டு வழியில் போனது. ஒரு வழி, எல்லை தாண்டி, அந்த எண்ணெயிலிருந்து டீசல் செய்கிற கம்பெனிக்கு. இன்னொரு வழி, செல்வம் வழி. அவன் அதை வேட்டித்துணியில் வடிகட்டுவான். கறுப்பு கொஞ்சம் பழுப்பாகும். அதைத் தள்ளுவண்டி பஜ்ஜிக்கடைகளுக்குக் கொடுப்பான். காலையில் ஃபேக்டரிக்காரன் சாப்பிட்ட வடை, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மறுபிறவி எடுக்கும்.

இதை அவள் சொன்னபோது நான் ஒரு தள்ளுவண்டி மிளகாய் பஜ்ஜியைத்தான் தின்றுகொண்டிருந்தேன். 'என்ன ருசிடா, நம்ம ஊட்ல இப்படி வராதே' என்று மனதுக்குள் பாராட்டிய பஜ்ஜி. கடித்த பஜ்ஜியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? மிச்சத்தையும் தின்றேன். கொள்கை நாளையிலிருந்து.

காவேரி ஓட்டக் கற்றாள், குட்டியானை வாங்கினாள், டீசல் கம்பெனியில் போய்ப் பேசினாள். கேன்டீன், ஓட்டல், சிப்ஸ் போடுகிற இடம் என்று கழிவு எண்ணெய் எடுக்க ஆரம்பித்தாள். டிரம்மிலிருந்து ஜக்கில் மொண்டு, டின்னில் ஊற்றி, டின்னைத் தூக்கி, ஸ்டூல் மேல் ஏறி, தொட்டியில் கவிழ்க்க வேண்டும். ஒரு டின் பதினைந்து கிலோ. ஒரு காலைக்கு எத்தனை டின் என்று நான் எண்ணியதில்லை. அவள் தோள் எண்ணியிருக்கிறது.

போன ஐப்பசியில் வலது கை காதுக்கு மேல் போக மறுத்தது. டாக்டர் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தாள். தோள்பட்டை இறுகிப்போய்விட்டது, பாரம் தூக்குவதை இன்றோடு விட வேண்டும், இல்லையென்றால் இந்தக் கை இதற்கு மேல் எப்போதும் எழும்பாது என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை டின் தூக்கப் போனாள்.

நான் தூக்கலாமே என்று கேட்பீர்கள். தூக்கினேன். முதல் நாளே டின்னோடு வழுக்கி, தரை முழுக்க எண்ணெய். எழுப்பிவிட ஓடிவந்த சந்தானம் சார் நிற்காமல் அப்படியே வழுக்கிக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டை வரைக்கும் போனார். இந்த ஆள் இனி டின்னைத் தொட்டால் கேட்டுக்கு உள்ளே வண்டியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் வைக்கலாம். ஆனால் கை கால் உள்ள எல்லா ஆளையும் எங்கள் பக்கத்து ஃபேக்டரிகள் பஸ் வைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டன.

தோள் போனதில் இன்னொரு சங்கடம். அவளால் தலை பின்ன முடியவில்லை. அந்த வேலை எனக்கு வந்தது.

தினமும் விடிகாலை நாலரை மணிக்குச் சீப்போடு உட்காருவேன். மூன்று புரி எடுத்து மாற்றி மாற்றிப் போட வேண்டும், பெரிய வித்தையா என்ன? முதல் நாள் இறுக்கிய இறுக்கில் அவளுக்குப் புருவம் மேலே ஏறிக்கொண்டது. நாள் முழுக்க எல்லாரையும் ஆச்சரியமாகப் பார்ப்பது மாதிரியே இருந்தாள். பின்னி முடித்தால் ஒரு கற்றை முடி எதிலும் சேராமல் தனியாக நிற்கும். எஞ்சினில் நட்டு மாதிரி.

"பொம்பள தலடா இது, ஃபேன் பெல்ட் இல்ல," என்பாள். கோபம் வந்தால் எனக்கு 'டா' உண்டு. அதையும் மெதுவாகத்தான் சொல்வாள், தலையைத் திருப்பினால் தோள் வலிக்கும்.

ஒருநாள் அப்படிப் பின்னிக்கொண்டிருக்கும்போதுதான் அவளிடம் சொன்னேன், நான் பம்பு செய்கிறேன் என்று. பின்னல் உதறிக்கொண்டது. சிரித்தாளா, அழுதாளா, முதுகுப்பக்கம் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

எலுமிச்சம்பழம் அடித்த அடி

ஸ்டீயரிங் லேசாகத் திரும்புவதற்காகக் காரில் ஒரு சின்ன பம்பு இருக்கும். எண்ணெயைத் தள்ளுவதற்கென்றே பிறந்தது. அதை எடுத்தேன். அதைச் சுற்ற, ரேடியேட்டர் ஃபேனின் மோட்டார். நடுவில் ஒரு பெல்ட். மின்சாரத்துக்கு குட்டியானையின் பேட்டரி. வடைத்தூள் உள்ளே போகாமல் இருக்க, வாயில் டீ வடிகட்டி.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் சின்னசாமி இல்லை. பெட்ரோல் டேங்கில் மிதக்கிற மிதவையை எடுத்து எங்கள் எண்ணெய்த் தொட்டிக்குள் விட்டேன். டேஷ்போர்டிலிருந்து பெட்ரோல் முள்ளைப் பிடுங்கி அதோடு சேர்த்தேன். தொட்டி நிரம்ப நிரம்ப முள் ஏறும். முழுதாக நிரம்பினால் ஹாரன் அடிக்கும். பம்பு நகராமல் இருக்க சீட் பெல்ட். காவேரி கீழே நின்றபடியே தொட்டியின் வாயைப் பார்க்க ஒரு பக்கக் கண்ணாடி. கார் என்று சொல்லச் சக்கரம் ஒன்றுதான் பாக்கி.

வெள்ளோட்டத்துக்கு வெங்கடேசண்ணா பூசை போட்டார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது வழக்கம். இதற்குச் சக்கரம் இல்லையே. யோசித்தார். பழத்தைக் கொண்டுபோய் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் வைத்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

பழம் நசுங்கியது. சாறு முழுக்க அண்ணாவின் கண்ணில். அவர் கண்ணை மூடிக்கொண்டு கன்னடத்துக்குப் போய்விட்டார்.

ஆனால் எண்ணெய் ஏறியது ஐயா! உச்சி வெயிலில், டிரம்மிலிருந்து தொட்டிக்கு, தேன் மாதிரி. முள் ஏறியது. ஹாரன் அடித்தது. ரோட்டில் போன லாரி ஒன்று பயந்து வழி விட்டது. காவேரி சுவிட்சை அணைத்தாள், போட்டாள், அணைத்தாள், போட்டாள். ஒரே விரலில்.

"நாளைக்கு ஒசூருக்கு எடுத்துட்டுப் போலாம்," என்றாள்.

மறுநாள் கிளம்பும்போது, வழியில் மேலுமலை ஏற்றம் தாண்டினால் குளிரும் என்று எனக்கு மறக்காமல் ஞாபகம் வந்தது. ஸ்வெட்டர் போட்டேன். குரங்குக் குல்லா போட்டேன். காதில் பஞ்சு வைத்தேன். நாங்கள் பள்ளத்தில் வேகிறவர்கள், ஒசூர்க்காரர்கள் மேட்டில் நடுங்குகிறவர்கள் என்று இந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஊரே அதைச் சொல்லித்தான் ஒருத்தரையொருத்தர் கிண்டல் செய்யும்.

எனக்குக் குல்லா எடுத்துவைத்தேன். எண்ணெய்க்கு எடுத்துவைக்கவில்லை.

வெண்ணெய்

கேட்டிலேயே ஒரு தடங்கல். பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்தார், மினுமினுக்கும் பச்சைச் சட்டை, கையில் அட்டை. பம்பைச் சுற்றி வந்து, இதற்கு சர்ட்டிஃபிகேட் இருக்கிறதா என்று கேட்டார்.

"எனக்கே இல்ல சார்," என்றேன்.

அங்கீகாரம் இல்லாத மின்கருவியை ஃபேக்டரி பிளக்கில் சொருகக் கூடாது என்றார். எங்கள் பேட்டரி எங்கள் வண்டியிலேயே இருக்கிறது என்றாள் காவேரி. அவர் அட்டையில் தேடினார். பேட்டரி பற்றி அதில் எழுதவில்லை. விட்டுவிட்டார். அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய பலகை, பச்சை இலை போட்டு, 'பூமியைக் காப்போம்' என்று. பூமியைக் காக்க அந்த ஃபேக்டரி இத்தனை வருடத்தில் செய்தது, அந்தப் பலகைக்கு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்ததுதான். மிச்சத்தை டின்னில் தூக்கியவள் காவேரி.

பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே. பம்பு ஓடியது, எண்ணெய் வரவில்லை. பெல்ட்டில் புகை வந்தது. நான் குழாயை உதறினேன், ஊதினேன், ஒரு தட்டுத் தட்டினேன். மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்த எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

காவேரி டிரம்முக்குள் கையை விட்டாள். அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். கட்டியாக, வழவழவென்று, கறுப்பு வெண்ணெய். பாமாயில் குளிரில் உறைந்துபோயிருந்தது; ஜக்கில் அள்ளலாம், குழாயில் உறிஞ்ச முடியாது.

"நீ குல்லா போட்டுக்கினு வந்திருக்க," என்றாள். "இதுக்குக் குளுராதா?"

பாத்திரம் கழுவுகிற பெண்கள் சிரித்தார்கள். நான் குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்தேன். அப்படியும் காது சுட்டது.

ஆறரைக்கு அரிசி லாரி வந்துவிடும். அதே பின்வாசல்தான் அதற்கும். அதற்குள் டிரம் காலியாக வேண்டும். அவள் ஜக்கை எடுத்தாள். நான் டின்னைத் தொடக் கூடாதவன். சந்தானம் சாரிடம் கெஞ்சினேன், அவர் உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் இடது கையால் மொண்டு, இரண்டு கையாலும் தூக்கினாள். ஒவ்வொரு டின்னுக்கும் அவள் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நான் பக்கத்தில் நின்று பக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். வேறென்ன செய்ய?

ஒரு டிரம் முடிவதற்குள் லாரி ஹாரன் அடித்தது. இரண்டாவது டிரம்மை செல்வம் எடுத்துக்கொண்டு போனான். இரண்டு ஆள் வைத்து டிரம்மோடு உருட்டினான், பாட்டு ஒன்று முணுமுணுத்துக்கொண்டே.

சந்தானம் சார் திருநெல்வேலிப் பக்கம். கெட்ட சேதியைக்கூட அன்பாகச் சொல்வார்.

"தாயி, தப்பா நெனைக்காதிய. நாளைக்கும் ரெண்டு டிரம் இருக்கு. நாளைக்கும் இப்படித்தான்னா நான் செல்வத்துக்கிட்டயே மொத்தமா குடுத்துருவேன், கேட்டியளா."

அவள் தலையாட்டினாள். தோள் ஆடாமல் தலையை மட்டும் ஆட்டுவது எப்படி என்று பழகியிருந்தாள்.

திருட்டு

திரும்பும்போது மேலுமலை இறங்கியதும் வெயில் வந்தது. குழாய்க்குள் உறைந்திருந்த எண்ணெய் இளகி, சொட்டுச் சொட்டாக என் செருப்பில் விழுந்தது. குருபரப்பள்ளி வந்ததும் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். பம்பு குளுகுளுவென்று ஓடியது. துரோகி. உள்ளூரில் புலி, வெளியூரில் பூனை, அப்படியே என்னை உரித்துவைத்திருக்கிறது.

காவேரி திண்டு மாதிரி ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, தோளில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பையையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"ஏன்யா, கார்ல குளுருக்குன்னு ஒண்ணியும் வைக்க மாட்டானா?"

வாசகர்களே, நான் அப்போது சிரிக்கவில்லை.

நான் ரேக்குக்கு ஓடினேன். ஒரு ஹீட்டர் இல்லை. இருபது வருடம் சிரித்துச் சிரித்து எடைக்குப் போட்டவன் யார்? வயிற்றைக் கிழிக்காத கார் ஒன்றுகூட அன்றைக்கு யார்டில் இல்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. வெங்கடேசண்ணாவின் சொந்தக் கார். சாம்பல் நிறம். அவர் துடைக்கிற துடைப்பில் கதவில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். அன்று பர்கூரில் ஒரு கருமாதி, அண்ணா யாரோடோ தொற்றிக்கொண்டு போயிருந்தார். சாவி ஆணியில் தொங்கியது.

அண்ணா, இதை உங்கள் மகள் உங்களுக்குப் படித்துக்காட்டுவாள் என்று தெரியும். எலுமிச்சம்பழச் சாறு கண்ணில் பட்டதற்கே என்னை மன்னித்தவர் நீங்கள். உங்கள் டேஷ்போர்டைக் கழற்றினேன். ஹீட்டரை எடுத்தேன். எஞ்சினிலிருந்து அதற்கு வருகிற குழாயையும் போகிற குழாயையும் நேராக இணைத்துவிட்டேன். டேஷ்போர்டைத் திரும்ப மாட்டினேன். கார் ஓடுகிறது, ஏசி குளிர்கிறது, மூன்று மாதமாக உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இது நம்ம ஊருக்கு ஹீட்டர் தேவையில்லை என்பதற்கு நான் காட்டுகிற சாட்சி. நட்டு ஒன்று மிச்சம், என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

அன்று பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. குட்டியானையின் எஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் ரப்பர் குழாய் வழியாக ஹீட்டருக்கு வந்து, திரும்ப எஞ்சினுக்கே போகும். ஹீட்டரை ஒரு கம்பியில் கட்டி டிரம்முக்குள் இறக்க வேண்டியது. உறிஞ்சுகிற குழாயை எங்கே வைப்பது என்று நான் தலையைச் சொறிந்தேன். காவேரி அதை ஹீட்டரோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். மொத்த டிரம்மும் இளகுகிற வரைக்கும் அரிசி லாரி நிற்காது. எங்கே இளகுகிறதோ அங்கேயே குடிக்கட்டும் என்றாள்.

நான் யோசித்தது என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு உண்மையை எழுதிவிட்டேன்.

ஹாரன்

மறுநாள் பனி முந்தின நாளைவிட அதிகம். செல்வம் இன்றைக்கு டீயோடு பன்னும் வாங்கி வந்திருந்தான். அவனுடைய ஆட்கள் இருவரும் டிரம்முக்குப் பக்கத்திலேயே நின்றார்கள், பந்தியில் இடம் பிடித்தவர்கள் மாதிரி.

மேலுமலை ஏறி வந்த எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. அணைக்காமல் விட்டோம். ஹீட்டரை டிரம்மில் இறக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆறு ஐந்து. ஆறு பத்து. நான் குல்லா போடவில்லை. காது விறைத்தது, தண்டனை என்று விட்டுவிட்டேன்.

காவேரி டிரம்முக்குள்ளேயே பார்த்தபடி நின்றாள். ஹீட்டரைச் சுற்றி ஒரு வளையம் கறுப்பாகப் பளபளத்தது. வளையம் தட்டளவு ஆனது, தாம்பாளம் அளவு ஆனது. அவள் சுவிட்சில் விரலை வைத்தாள்.

பெல்ட் கிறீச்சிட்டது. குழாய் ஏப்பம் விட்டது. இரண்டாவது ஏப்பம். பிறகு குழாய் ஒரு துள்ளுத் துள்ளி, பாம்பு மாதிரி நெளிந்து, கனத்தது. மேலே தொட்டிக்குள் எண்ணெய் விழுகிற சத்தம். நாங்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றோம், ஏதோ கச்சேரி மாதிரி.

முதல் டிரம் காலி. ஹீட்டரை இரண்டாவதில் இறக்கினோம். தெருமுனையில் அரிசி லாரியின் விளக்கு தெரிந்தது. செல்வத்தின் ஆள் ஒருவன் டிரம்மில் கை வைத்தான்.

"கையெடு," என்றாள் காவேரி. சத்தம் போடவில்லை. அவன் எடுத்துவிட்டான்.

லாரி வந்து நின்றது. டிரம்மில் இன்னும் கால்வாசி. டிரைவர் ஹாரன் அடித்தார். சந்தானம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், காவேரியைப் பார்த்தார், அவள் தோளைப் பார்த்தார். பிறகு லாரி டிரைவரிடம் போய், எந்த மில் அரிசி, எத்தனை மூட்டை, ஊரில் மழை உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அந்த மனுசன் அவ்வளவு அக்கறையாக அரிசியைப் பற்றிப் பேசி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்போது எங்கள் ஹாரன் அடித்தது.

தொட்டி நிரம்பிவிட்டது. டிரம்மின் அடியில் நாலு கருகின மிளகாய் மட்டும்தான் இருந்தது. அரிசி லாரி டிரைவர் தனக்குப் பதில் சொல்கிறோம் என்று நினைத்துத் திரும்ப அடித்தார்.

செல்வம் பன்னை மடித்துப் பையில் வைத்தான். "மாமா, அது எந்தக் கார் சாமான்?" என்று கேட்டான். தொழில் ரகசியம் என்றேன். ரகசியத்தின் சொந்தக்காரர் அப்போது குருபரப்பள்ளியில் காரைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார்.

பாதுகாப்பு அதிகாரி ஓடிவந்து போட்டோ எடுத்தார். இரண்டு வாரம் கழித்து அது ஃபேக்டரி நோட்டீஸ் போர்டில் வந்தது. நடுவில் பம்பு, பக்கத்தில் அதிகாரி கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு. கீழே 'எங்கள் குழுவின் பசுமை முயற்சி' என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம், சந்தானம் சார் படித்துச் சொன்னார். என்னைக் காணோம். ஓரத்தில் குழாயைப் பிடித்த என் கை மட்டும், முழங்கை வரைக்கும்.

காவேரி கிட்டே போய்ப் பார்த்தாள்.

"கை நல்லா வந்திருக்கு," என்றாள்.

சீப்பு

இப்போது அவள் டின் தூக்குவதில்லை. சுவிட்ச் போடுகிறாள், ஒரு விரல். டாக்டர் சொன்ன பயிற்சியை மாட்டுக்கொட்டகைத் தூணில் கயிறு கட்டிச் செய்கிறாள். டிரம்மைக் கழுவுவது, குழாயைச் சுருட்டுவது, வடிகட்டியில் மாட்டிய வடைத்துண்டைப் பொறுக்குவது எல்லாம் நான். கண்டுபிடித்தவனுக்குக் கொடுக்கிற மரியாதை.

தை கடைசியில் ஒருநாள், நாலரை மணிக்குச் சீப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். வலது கை தலைக்குப் பின்னால். வாயில் ரிப்பன். பின்னல் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. வழவழவென்று, ஒரு முடி வெளியே நிற்காமல்.

நான் சீப்போடு நின்றேன், பஸ் போன பிறகு வந்தவன் மாதிரி. சந்தோஷம்தான். இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனாலும் மூன்று மாதம் பார்த்த வேலை போனால் எவனுக்கும் கொஞ்சம் வலிக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வண்டிக்கு லீவு. வாசலில் உட்கார்ந்து நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தேன். காவேரி வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தோளுக்கு மேலாகச் சீப்பை நீட்டினாள். வலது கையால்தான்.

"மறுபடியும் வலிக்குதா?" என்றேன்.

"இல்ல."

"அப்புறம் என்னாத்துக்கு?"

"கைய கழுவிட்டு வா. மண்ணெண்ணெ நாத்தம்," என்றாள்.

கழுவிவிட்டு வந்து பின்னினேன். வழக்கம்போல ஒரு கற்றை மிச்சம்.